தாணுக்கு எத்தனை மகன்?

படு. மொதல்ல காலை நீட்டிப் படு. நாலு மணிக்குக் கோயில்ல பாட்டுப் பழகப் போகணும்ல, இப்பக் கொஞ்சம் கண்ணு அசந்தாத்தான் அங்க போயி கொட்டாவி விடாம இருப்ப. என்னது, கதையா? எனக்கே கண்ணைச் சொக்குது, இவளுக்குக் கதை கேக்குது! சரி சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத ஷெரின், பெரியத்தை சொல்லுதேன். ஆனா நான் நிப்பாட்டுத எடத்துல எல்லாம் நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிருவேன். என்ன?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பய இருந்தான். ஊருன்னதும் தெரு, கடை, பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுக்காத. கானான் தேசம் அது. அங்க இவங்களுக்கு வீடு கிடையாது, கூடாரம்தான். இன்னைக்கு இங்கன அடிப்பாங்க, ஆடு மேஞ்சு முடிச்சதும் பிடுங்கிச் சுருட்டிக்கிட்டு அங்கன போயிருவாங்க. அந்தப் பயலுக்குப் பேரு உசீம். நம்ம யாக்கோபு இருக்காருல்ல, பன்னெண்டு மகன் பெத்தவரு, அவருக்குப் பேரன். பன்னெண்டுல அஞ்சாவது மகன் தாண். அந்தத் தாணோட மகன்தான் உசீம்.

வேதத்துல இவனுக்கு ஒரே ஒரு வரி. வெறும் பேருதான். என்ன செஞ்சான், யாரைக் கட்டுனான், ஒண்ணும் கிடையாது. மிச்சமெல்லாம் நான் கட்டிச் சொல்லுதேன். போயி பாஸ்டர் ஐயாகிட்ட "எங்க பெரியத்தை சொன்னா, வேதத்துல இருக்கு"ன்னு சொல்லி என்னை மாட்டி விட்டுறாதட்டி.

"ம்."

உசீமுக்கு இருவது வயசு. நெடுநெடுன்னு இருப்பான், மீசை முளைச்சாச்சு. ஆனா காது பாதிதான் கேக்கும். சின்னப் புள்ளையில ஒரு காய்ச்சல் வந்து இடது காதைச் சுத்தமா வாரிக்கிட்டுப் போயிருச்சு. வலது காதுல மட்டும் ஏதோ கொஞ்சம் மிச்சம். யாராவது பேசுனா பாதி வார்த்தைதான் உள்ள போகும். மீதிப் பாதிய இவனே போட்டு ரொப்பிக்கிடுவான். ரொப்புனது சரியா இருக்கணும்ல? அதுதான் இருக்காது.

ஒரு நாள் பாரு, ஒட்டகம் ஒண்ணு அவுத்துக்கிட்டு ஓடுது. தடதட தடதடன்னு ஓடுது. அவங்க அப்பா "ஏலே உசீம், கயிறு கொண்டா, கயிறு கொண்டா"ன்னு தொண்ட கிழியக் கத்துதாரு. இவன் விறுவிறுன்னு கூடாரத்துக்குள்ள போயி, ஒரு சட்டி தயிரைத் தூக்கிக்கிட்டு வாரான்! சிந்தாம வேற கொண்டு வாரான், அடி அடியா வச்சு. வந்து நின்னு, "இந்த அவசரத்துலயாப்பா தயிரு?"ன்னு கேக்குதான். ஒட்டகம் மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும். நமக்குச் சிரிப்பு. அவனுக்கு எப்படி இருக்கும்? எல்லாருக்கும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு நமக்கு மட்டும் தெரியலயேன்னு எந்நேரமும் ஒரு தவிப்பு. நாலு பேரு சிரிச்சா என்னைப் பாத்தா சிரிக்காங்கன்னு முழிப்பான். நாலு பேரு ஓடுனா எதுக்குன்னு தெரியாமலே பின்னால ஓடுவான். பாவம்.

அப்புறம் அவன் பேரு. அதுலயும் ஒரு குழப்பம். அவங்க பாஷையில ஒரு வார்த்தை கடைசியில "ஈம்"ன்னு வந்துச்சுன்னா, நம்ம "கள்"ன்னு சொல்லுதோம்ல, ஆடு, ஆடுகள், அந்த மாதிரி. அப்ப உசீம்ங்கது ஒத்தை ஆளு பேரு மாதிரியே இல்ல, ஒரு கூட்டத்தைக் கூப்பிடுத மாதிரி இருக்கும். ஆனா கூட்டம் எங்க இருக்கு? ரூபன் பெரியப்பாவுக்கு நாலு மகன். சிமியோன் பெரியப்பாவுக்கு ஆறு. பென்யமீன் சித்தப்பாவுக்குப் பத்து! தாணுக்கு இவன் ஒருத்தன்தான். மத்த வீட்டுப் பயலுவ சும்மா இருப்பானுவளா? "ஏலே உசீம், எல்லாரும் சாப்பிட்டாச்சா? எல்லாரும் குளிச்சாச்சா?"ன்னு கேலி. இவன் "யாரு, எல்லாரும்?"ன்னு பின்னால திரும்பித் திரும்பிப் பாப்பான்.

"ம்."

அப்போ பஞ்சம் வந்துச்சு. எப்பேர்ப்பட்ட பஞ்சம்! மழைன்னு ஒரு சொட்டு கிடையாது. கிணத்துக்குள்ள வாளியப் போட்டா டொங்குன்னு பாறையில முட்டும். ஆடெல்லாம் எலும்பும் தோலுமாப் போச்சு. அந்த நேரத்துலதான், செத்துப் போயிட்டான்னு நெனச்ச தாணோட தம்பி யோசேப்பு எகிப்துல பெரிய அதிகாரியா இருக்காருன்னு தெரிஞ்சுது. அந்தக் கதை உனக்குத் தெரியும், பலவண்ண அங்கி, குழி, எல்லாம். அவரு வண்டி வண்டியா அனுப்பி, "அப்பாவையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் இங்க வந்துருங்க, இங்க புல்லு இருக்கு, கோதுமை இருக்கு"ன்னு சொல்லி விட்டாரு.

அப்புறம் என்ன, கூடாரம் கூடாரமாப் பிடுங்கி மூட்டை கட்டியாச்சு. யூதா பெரியப்பா முன்னாடி போறாரு, வாரவங்க பேரையெல்லாம் எழுதி எகிப்துக்காரன் கையில கொடுக்க. அதுக்காக ஒரு ஆளை விட்டு, ஒவ்வொரு கூடார வாசலாப் போயி, "இந்த வீட்டுல யாரு யாரு"ன்னு கேட்டு எழுதச் சொன்னாரு. ஆம்பிளைங்க எல்லாம் ஆட்டை ஓட்டிச் சேக்கப் போயிட்டாங்க. பொம்பளைங்கதான் உள்ள இருந்து பேரு சொன்னாங்க. அந்தச் சுருள் முன்னால போச்சு. பின்னால வண்டி போச்சு. கடகட கடகட, கடகட கடகட. எத்தனை நாளு போச்சுன்னு யாரும் எண்ணல. வழியில ஒரு கிழட்டுக் கழுதை செத்துப் போச்சு.

கடைசியில எகிப்து எல்லை. மண்ணுல கட்டுன பெரிய மதிலு, நடுவுல ஒரு மர வாசல். வாசல்ல ஒரு துணிப் பந்தலு. பந்தலுக்கடியில செனேபுன்னு ஒரு கணக்கன் உக்காந்திருக்கான். மொட்டைத் தலை, காதுல நாணல் பேனா, கையில கடிச்ச வெங்காயம். நறுக் நறுக்குன்னு கடிச்சுக்கிட்டே ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டு உள்ள விடுதான். சுருள்ல என்ன எழுதியிருக்கோ அதே ஆளு நிக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மாறுச்சுன்னா அந்த வீடு வெளியதான். அதுதான் அவன் சட்டம்.

வெளியன்னா என்ன தெரியுமா? பின்னால திரும்புனா வறண்ட கிணறு. தண்ணித் தோல்பை எல்லாம் காலி. திரும்பிப் போனா வழியிலயே செத்துருவாங்க.

"ம்."

ரூபன் வீடு போச்சு, சிமியோன் வீடு போச்சு, எல்லா வீடும் போச்சு. பென்யமீன் சித்தப்பாவும் பத்துப் பயலுவளோட சலசலன்னு உள்ள போயிட்டாரு. தாண் வண்டியில அச்சு முறிஞ்சு பிந்திட்டதால அவங்கதான் கடைசி. தாண், அவரு பொண்டாட்டி திர்சாள், உசீம், மூணு பேரு.

செனேபு சுருளைப் பாத்தான். பாத்துட்டு நிமுந்தான். "தாணுடைய மகன்கள்!"ன்னு கூப்பிட்டான்.

உசீம் முன்னால போயி நின்னான்.

இங்கதான் ஷெரின் வம்பு வருது. செனேபு எகிப்துக்காரன், இவங்க பாஷை அவனுக்கு அரைகுறை. இவனுக்கு அரைக் காது, அவனுக்கு அரை நாக்கு. எப்படி இருக்கும்?

செனேபு இவனுக்குப் பின்னால எட்டிப் பாக்குதான். ஒருத்தரையும் காணோம். "நீ தனியாவா?"ன்னு கேட்டான்.

நம்ம பயலுக்கு என்ன விழுந்துச்சு தெரியுமா? தனியா! ரசத்துக்கு வறுத்துப் போடுவோம்ல, அந்தத் தனியா! அவங்க என்ன பாஷையில பேசுனாங்களோ எனக்குத் தெரியாது, நான் நம்ம பாஷையிலதான சொல்ல முடியும். கோதுமை கேட்டு வந்திருக்கோம், இந்த ஆளு தனியாவைப் பத்திக் கேக்காரேன்னு நெனச்சு, ரொம்ப மரியாதையா, "தனியா இல்லைங்கய்யா"ன்னு சொல்லிட்டான்.

"தனியா இல்லையா?"

"தனியா இல்லவே இல்லைங்கய்யா."

அய்யோ அய்யோ! செனேபு பேனாவக் காதுல இருந்து எடுத்துட்டான். "சுருள்லயும் மகன்கள்ன்னு எழுதியிருக்கு. உன் பேரும் பன்மை. நீயும் தனியா இல்லன்னு சொல்லுத. அப்ப மத்தவன் எங்க?"

"மத்தளமா? மத்தளம் கொண்டு வரலைங்கய்யா."

தாண் ஓடி வந்தாரு. தாணுக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும். "யோவ், எனக்கு ஒரு மகன்தான்யா! இவன் ஒருத்தன்தான்!"ன்னு கத்துனாரு. செனேபு அசையல. "உம்ம மகனே தனியா இல்லன்னு ரெண்டு தடவை சொல்லிட்டான். நீரு ஒருத்தனை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கீரு. எகிப்துக்குள்ள ஒளிச்சு ஆள் கொண்டு வாரவனை நான் நம்ப மாட்டேன். பொழுது அடையதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுவேன். மகன்கள் வந்து நிக்கணும். இல்லன்னா வாசலை அடைச்சிருவேன்."

யோசேப்புகிட்ட போயிச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்ப. கேக்கலியா? கேட்டிருக்கணும். யோசேப்பு அந்தப் பக்கம் ரதத்துல வந்து, இத்தனை வருசம் காணாத அப்பா கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதுக்கிட்டு இருக்காரு. கிழவரும் அழுதுக்கிட்டு இருக்காரு. சுத்தி நிக்க எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க. அதுல போயி யாரு, "ஐயா, மகனா மகன்களா"ன்னு கேக்க?

"ம்."

தூங்குதியா, கேக்குதியா?

"கேக்கேன் அத்தை."

அப்போ உசீம் ஒரு ஓரமாப் போயி நின்னான். அவனுக்குத் தலை கிறுகிறுங்குது. அப்பா கத்துதாரு, கணக்கன் கத்துதான், எல்லாம் தன்னாலதான்னு மட்டும் தெரியுது. என்ன சொன்னோம், எங்க தப்புச் செஞ்சோம்? புரியல. கடைசியில அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு. எல்லாருக்கும் தெரிஞ்சு நமக்கு மட்டும் தெரியாத சங்கதி எத்தனையோ இருக்கு, அதுல இதுவும் ஒண்ணோ? நமக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்து, யாரும் நம்ம காதுல விழுத மாதிரி சொல்லலியோ? அவன் வண்டிக்கு அடியில கூடக் குனிஞ்சு பாத்தானாம்.

தாணுக்கு ஒரு யோசனை. வாசல் பக்கத்துல மதில்ல ஒரு சந்து இருந்துச்சு. அதுல வாயை வச்சு, "ஏ பென்யமீன், ஒரு பயலை இரவலாக் கொடு!"ன்னாரு. பென்யமீன் சித்தப்பா தங்கமான மனுசன். "எவனை வேணும்னாலும் எடுத்துக்கோண்ணே, எனக்கே பத்துப் பேரு பேரும் வரிசையா வராது"ன்னு சொல்லி ஒருத்தனைச் சந்து வழியாத் தள்ளி விட்டாரு. ஒல்லிப் பய, பொத்துன்னு இந்தப் பக்கம் வந்து விழுந்தான். அவன் பேரு என்ன தெரியுமா? உப்பீம். அவனும் ஈம்தான்! அவங்க அண்ணன் ஒருத்தன் முப்பீம். என்னதான் பேரு வச்சாங்களோ.

செனேபு ரெண்டாவது தடவை கூப்பிட்டான். "தாணுடைய மகன்கள்!"

ரெண்டு பேரும் போயி ஜம்முன்னு நின்னாங்க.

"உன் பேரு?"

"உசீம்."

"உன் பேரு?"

"உப்பீம்."

"அவன் பேரைக் கேக்கல. உன் பேரு?"

"உப்பீம்யா!"

"உசீம், உசீம்ன்னு ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"உசீம் இல்லைங்க, உப்பீம்! பென்யமீன் மகன் உப்பீம்!" வாயில வந்ததை அந்தப் பய அப்படியே கொட்டிட்டான். கொட்டிட்டுக் கையால வாயைப் பொத்துனான். பொத்தி என்ன செய்ய?

செனேபு எந்திரிச்சே நின்னுட்டான். மடியில இருந்த வெங்காயம் உருண்டு போச்சு. "உன்னை நானே இப்பத்தான உள்ள விட்டேன், கையில ஆட்டுக்குட்டியோட! எகிப்துக்குள்ள போனவன் எப்படிலே வெளிய வந்தே?" உப்பீம் காதைப் பிடிச்சு வாசலுக்குள்ள தள்ளிட்டான். தாணைப் பாத்து, "பொய்யு. ஒண்ணுக்கு ரெண்டாப் பொய்யு. இனி ஒரே தடவைதான். ஒருத்தன்னா எழுதுனது தப்புன்னு சொல்லணும், எழுதச் சொன்ன ஆளே வந்து தன் வாயால சொல்லணும். பல பேருன்னா ஆளைக் காட்டணும்"ன்னுட்டான்.

உசீமுக்கு இதுல முக்காவாசி விழல. உப்பீம் காதைப் பிடிச்சது மட்டும் கண்ணால பாத்தான். நம்ம காதையும் பிடிப்பாங்களோன்னு வலது காதைப் பொத்திக்கிட்டு அம்மாகிட்ட ஓடுனான். இருவது வயசுல! பயந்து போனா வயசா தெரியும்?

"ம்..."

திர்சாள் வண்டிச் சக்கரத்துல சாஞ்சு தரையில உக்காந்திருக்கா. இவ்வளவு நடந்தும் அவ அந்தப் பக்கம் வரல. உசீம் பக்கத்துல உக்காந்தான். "அம்மா, எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா? நெசமாச் சொல்லு"ன்னு கேட்டான்.

அவ அவனைத் திருப்பி, வலது காதுக்கிட்ட வாயைக் கொண்டு போயி, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னா. அவ சொன்னா மட்டும் அவனுக்கு முழுசா விழும். எப்பவுமே அப்படித்தான்.

"உண்டு. ரெண்டு பேரு. உனக்கு முன்னாடி."

உசீம் அவ மூஞ்சியப் பாத்தான்.

"மூத்தவனுக்கு அப்பத்தான் பல்லு முளைச்சுது. கீழ ரெண்டு. என் வெரலைக் கடிச்சுக்கிட்டே இருப்பான். பேரு வைக்கக் கூட இல்ல, போயிட்டான். அடுத்தவன் நடந்தான். ஓடவே ஓடுனான். ஒரு வாரம் வயித்தால போச்சு, அவனும் போயிட்டான். ரெண்டு பேரையும் ஒரே கர்வாலி மரத்தடியில வச்சோம். ரெண்டாவதை வச்ச மறுநாளே ஆடு மேய்க்க எடம் மாத்தணும்னு கூடாரத்தைப் பிடுங்கிட்டாங்க. நான் திரும்பி அந்தப் பக்கம் போகவே இல்ல. அப்புறம் நீ பொறந்த. உனக்குப் பேரு வைக்கும்போது மூணு பேருக்கும் சேத்துத்தான் வச்சேன். உசீம்ன்னு நான் சோத்துக்குக் கூப்பிடும்போது மூணு பேரையும் கூப்பிடுதேன். யூதா ஆளு வாசல்ல வந்து, இந்த வீட்டுல மகனா மகன்களான்னு கேட்டான். நான் மகன்கள்ன்னுதான் சொன்னேன். பொய் சொல்லலப்பா. பெத்தவளுக்குத் தெரியாதா எத்தனைன்னு?"

தாண் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ஆத்திரமா வருது. "அடிப் பாவி, இதுக்கா இங்க நிக்கோம்? போ. போயி அந்தாளுகிட்ட ஒருத்தன்தான்னு சொல்லு. ஒரு வார்த்தை. சொன்னா வாசல் தொறக்கும். செத்துப் போனதுங்களுக்கு எவனும் வாசல் தொறக்க மாட்டான்"ன்னாரு. சொல்லும்போதே குரல் உடைஞ்சிருச்சு அவருக்கு. அவரும் பெத்தவருதான்.

திர்சாள் தலையை ஆட்டுனா. "அந்த வார்த்தை என் வாயில வராது. இத்தனை வருசமா யாரும் அதுங்களைப் பத்திப் பேசல. ஒரு எடத்துலயும் எழுதல. இந்தச் சுருள்ல ஒண்ணுலதான் ரெண்டும் இருக்கு. என் வாயாலயே அதை அழிக்கச் சொல்லுதீங்களா? நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. நான் ஊருக்குத் திரும்பிப் போறேன்."

ஊருக்கா? ஊருல என்ன இருக்கு? ஒரு மரமும் அதுக்கடியில ரெண்டு கல்லும்தான் இருக்கு. வழியில தண்ணி கூடக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"செத்துருவாளா அத்தை?"

பொறு. கையைக் கொடு, இப்படிப் பிடிச்சுக்கோ. சொல்லுதேன்.

அப்போ மதிலு நிழலு நீண்டு வண்டி வரைக்கும் வந்துட்டு. செனேபு கடைசித் தடவை கூப்பிட்டான். "தாணுடைய மகன்கள்!" வாசக்காரங்க ரெண்டு பேரு கதவுல கை வச்சுட்டாங்க. கிரீச்ச்ச்ன்னு ஒரு கதவு அசைஞ்சுது.

திர்சாள் எந்திரிச்சா. உசீம் அவ கையப் பிடிச்சுக்கிட்டான், விடல. மூணு பேரும் போயி நின்னாங்க. செனேபு திர்சாளைப் பாத்து, "எழுதச் சொன்னது நீதானம்மா? சொல்லு. ஒருத்தனா, பல பேரா?"ன்னான்.

அவ வாயைத் தொறந்தா. மூடுனா. மறுபடி தொறந்தா. "ஒரு..."ன்னு வந்துச்சு. அதுக்கு மேல வரல. கண்ணுல இருந்து பொலபொலன்னு ஊத்துது.

உசீமுக்கு அந்தக் கேள்வி விழல. அம்மா வாயசைஞ்சது மட்டும் தெரிஞ்சுது. அவனுக்கு அப்பவும் ஒண்ணும் தெளியல, பாத்துக்கோ. ரெண்டு பேரு இருந்தாங்களாம், இல்லயாம். இல்லயாம், ஆனா இருக்காங்களாம். தான் ஒருத்தனா, மூணு பேரான்னு அவனுக்கே தெரியல. இந்தக் கணக்கனுக்கு எப்படிச் சொல்ல? ஆனா அம்மா அழுதா. அது தெரிஞ்சுது. அவன் ஒரு எட்டு முன்னால வந்து, தனக்கும் செனேபுக்கும் நடுவுல ஆளே இல்லாத எடத்தைப் பாத்து ரெண்டு தடவை தலையை ஆட்டிட்டு, சத்தமாச் சொன்னான்.

"நாங்கதான் வந்திருக்கோம்."

செனேபு, "நாங்கன்னா எத்தனை பேருலே?"ன்னான்.

"தெரியலைங்கய்யா. நாங்க எத்தனை பேரா இருந்தாலும் எங்களுக்கு ஒரு தட்டு போதும். எங்களுக்குச் சண்டையே வராது."

இந்தப் பதிலு சுருள்ல எந்த எடத்துல எழுத? ஒரு எடத்துலயும் எழுத முடியாது. செனேபு இவனைப் பாத்தான். திர்சாளைப் பாத்தான். அவ ரெண்டு கையும் பாத்தான். ஒரு கைய மகன் பிடிச்சிருக்கான். இன்னொரு கைய அவ இடுப்பு உயரத்துக்குக் கீழ, வெரலை லேசா மடக்கி, எதையோ பிடிச்ச மாதிரி வச்சிருக்கா. எகிப்துக்காரன்னாலும் அவனும் எவளோ ஒருத்தி பெத்த புள்ளதான? பேனாவ மையில முக்குனான். அப்புறம் "மகன்கள்"ங்கத அடிக்காம அப்படியே விட்டுட்டான். பக்கத்துல, எத்தனை பேருக்கு ரொட்டின்னு எழுதுத எடத்துல, ஒண்ணுன்னு மட்டும் ஒரு கோடு போட்டான். பேனாவக் காதுல சொருகுனான்.

இம்புட்டு நேரமும் இந்தப் பயலை "நில்லுலே, வாலே, சொல்லுலே"ன்னுதான சொல்லிக்கிட்டு இருந்தான்? இப்ப வாசலைக் காட்டி, "போங்க"ன்னான்.

"மரியாதைக்கா அத்தை?"

அதுதாண்டி எனக்கும் தெரியல. மரியாதைக்குச் சொன்னானா, மூணு பேருக்கும் சேத்துச் சொன்னானா, நாக்கு அரைகுறைன்னு தப்பாச் சொல்லிட்டானா? உசீமுக்கும் தெரியல. ஆனா அந்த வார்த்தை மட்டும் அவன் காதுல முழுசா விழுந்துச்சாம். தாண் வண்டிய ஓட்டிக்கிட்டு உள்ள போனாரு. உசீமும் அம்மா கைய விட்டுட்டு வண்டி பின்னால போனான். போயி நாலு எட்டு வச்சுத் திரும்பிப் பாத்தா, அம்மாவைக் காணோம்.

அவ வாசப்படியிலயே நிக்கா. வாசக்காரங்க, "வாம்மா, அடைக்கணும்"ங்காங்க. அவ நகரல. ஒரு ஓரமா ஒதுங்கி, சேலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, சின்னப் புள்ளைங்க கால்ல மிதி படாம உள்ள போக வழி விடுவோம்ல, அப்படி நின்னா. கண்ணு கீழ பாத்தபடி இருந்துச்சு. ஒண்ணு உள்ள போக எவ்வளவு நேரமாகும், அவ்வளவு நேரம் நின்னா. இன்னொண்ணுக்கும் அவ்வளவு நேரம் நின்னா. அதுக்கப்புறம்தான் அவ உள்ள வந்தா. கதவு டமால்ன்னு அடைஞ்சுது.

என்னட்டி? சத்தத்தையே காணோம்?

ம் கொட்டலன்னா போயிருவேன்னேன்ல. சரி, போகல, இங்கனதான் இருக்கேன். நம்ம கதை வாசலுக்குள்ள போயிருச்சு. கண்ணை மூடிக்கிட்டு நீங்களும் போங்க ராசாத்தி, தூங்குங்க.